பெரிய பேக்கப்பை மீட்கும்போது கணினி திணறுகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

16 ஜிபி ராம் உள்ள என் லினக்ஸ் கணினியில், ஏறத்தாழ 180 ஜிபி டார் பேக்கப் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் பிரிக்கத் தொடங்கியபோது முதலில் வேகம் அபாரமாக இருந்தது. சற்று நேரத்தில் பிரவுசரில் ஒரு டேப் திறப்பதற்கே காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. ராம் பயன்பாட்டைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையில், டிஸ்க் தரவின் நகல்கள் ராமில் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் பஃப்/கேஷ் நெடுவரிசை 12 ஜிபியைத் தாண்டியிருந்தது. பலரும் இந்த எண்ணைக் கண்டுதான் பதறுகிறார்கள். அது வீண் பதற்றம் என்பேன். படித்து முடித்த பக்கங்களை (ராமின் சிறு துண்டுகளை), வேறு நிரல் இடம் கேட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும்.

சிக்கல், நினைவக விவரங்களைப் பட்டியலிடும் மெம்இன்ஃபோ கோப்பில் ‘டர்ட்டி’ என்ற வரியில் இருந்தது. எழுதியாயிற்று என்று நிரலுக்குச் சொல்லப்பட்டும், டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் ராமில் தேங்கி நிற்கும் தரவு அது. பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 20 விழுக்காடு வரை அது சேரலாம் என்பது கெர்னலின் வழக்கமான வரம்பு. எனக்கு 2 ஜிபிக்கு மேல் போனது. நொடிக்கு 100 எம்பி கூட எழுத முடியாத டிஸ்க் அதை வடிக்க இருபது நொடிக்கு மேலாகும். அதற்குள் வரம்பு நிரம்பிவிடுவதால் எழுத வரும் நிரல்களையெல்லாம் கெர்னல் தடுத்துத் தடுத்து அனுப்புகிறது. தன் சிறு குறிப்பு டிஸ்க்கில் பதிந்தாக வேண்டும் என்று கேட்கும் பிரவுசரும் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது.

இந்தத் தேக்கத்துக்கு வரம்பு கட்டும் டர்ட்டி பைட்ஸ் மதிப்பை 256 எம்பியாகவும், கெர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும் வரம்பை 64 எம்பியாகவும் குறைத்தேன். திணறல் பெரும்பாலும் அடங்கியது. மீட்பு தாமதமானதாகத் தெரியவில்லை. பைட்ஸ் மதிப்பை அமைத்ததும் முன்சொன்ன 20 என்ற விழுக்காட்டு மதிப்பு பூஜ்யம் எனக் காட்டும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

— — —

மேலே நண்பர் கூறியதற்கு விண்டோஸ் தரப்பிலிருந்து ஒன்று. 64 பிட் சர்வர் 2003, 2008 பதிப்புகளில் கோப்புத் தரவை ராமில் வைத்திருக்கும் ஃபைல் கேஷ் ராம் முழுவதையும் விழுங்கி, மற்ற நிரல்களை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலுக்குத் தள்ளிவிடக்கூடும். அதற்கு வரம்பு கட்டவே மைக்ரோசாஃப்ட் டைனமிக் கேஷ் சர்வீஸ் என்ற தனிக் கருவியை வெளியிட்டது. 2008 ஆர்2 பதிப்பில் கேஷ் நிர்வாக முறையே திருத்தப்பட்டது. இன்றும் மிகப் பெரிய ஒற்றைக் கோப்பை நகலெடுக்கையில் நான் விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பியை /ஜே என்ற தேர்வுடன் இயக்குகிறேன். அது கேஷைத் தொடாமல் நேரடியாக எழுதுகிறது. சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தத் தேர்வைத் தவிர்ப்பதே நல்லது.