பிள்ளை கரைந்த நாலு மணி நேரம்

குழு: களியக்காவிளை வீடு

வெள்ளி, இரவு 8:06

நான்: வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது. விவரம் யாரும் கேட்க வேண்டாம்.

பாறசாலை சித்தி: என்ன மக்களே, என்ன ஆச்சு?

பாட்டா: கொப்பரை வந்ததா

நான்: சித்தி, குட்டி திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து துபாயில் இறங்குகிறவரை கரைந்தான். நடுவில் இருபது நிமிடம் தூங்கினான். அதுவும் என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்த நேரமாகப் பார்த்து, என் வலது கையின் மேல்.

பெங்களூர் தம்பி: "கரைந்தான்" என்று என் ஆபீஸில் சொன்னால் சென்னைக்காரர்கள் "தண்ணீரிலா?" என்று கேட்கிறார்கள்.

குழித்துறை மாமா: அவர்கள் ஊரில் காக்கை மட்டும்தான் கரையும். நம் ஊரில் பிள்ளை அழுதாலும் கரைவதுதான். நீ விஷயத்துக்கு வா மக்களே. யாராவது ஏதாவது சொன்னார்களா?

நான்: சொன்னார்கள் மாமா. முன் வரிசையில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நல்ல சட்டை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை எழுந்தே நின்று, "கொச்சினை ஒன்னு அடக்கிக்கூடே?" என்றார். பிள்ளையைக் கொஞ்சம் அடக்கக் கூடாதா என்று மலையாளத்தில். என்னவோ நான் வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

பாறசாலை சித்தி: அவன் வாயில் மண்.

மஸ்கட் மைனி: மூத்தவன் எப்படி இருந்தான்?

நான்: அதை ஏன் மைனி கேட்கிறீர்கள்.

நான்: சரி, சொல்கிறேன். மூத்தவன் அந்த ஆளின் சீட்டை உதைத்துக்கொண்டிருந்தான். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவனின் காலைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை கிடையாது. இரண்டு தடவை பிடித்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். முதலில் அவனுக்கு என் பக்கத்தில் சீட்டே இல்லை. எனக்கு ஒரு வரிசை, அவனுக்கு மூன்று வரிசை தள்ளி. மூன்று வயதுப் பையன் தனியாக! ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பையனிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். மாறினான். ஆனால் பையை எடுக்கும்போது, "நான் இந்த சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டியிருக்கிறேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனான்.

பெங்களூர் தம்பி: அக்கா, 12 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானக் கம்பெனிகளை மேற்பார்க்கிற டிஜிசிஏ சொல்லிவிட்டதே. கவுண்டரில் கேட்டிருக்க வேண்டியதுதானே?

நான்: கேட்டேன். அது ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட் பதிவில், இருந்தால்தானாம். உன் அத்தான் எனக்கும் குட்டிக்கும் முதலில் டிக்கெட் போட்டுவிட்டு, மூத்தவனுக்கு மறுநாள் நினைவு வந்து தனியாகப் போட்டிருக்கிறார். இதை இந்தக் குழுவில் இருக்கிற உன் அத்தானும் படிக்கட்டும்.

துபாய் அத்தான்: படித்துவிட்டேன்.

குழித்துறை மாமா: எனக்கு ஒன்று புரியவில்லை. குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு முப்பது வருடம் பஸ்ஸில் போய் வந்தவன் நான். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நின்றால், சீட்டில் இருக்கிறவர் யார் எவர் என்று கேட்காமல் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அவள் இறங்குகிற இடத்தில் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளை கரைந்தால் பஸ் முழுக்க "ஆனை பார், குருவி பார்" என்று காட்டும். அந்த பஸ்ஸில் இருந்த அதே ஆட்கள்தான் இந்த ஃபிளைட்டிலும் ஏறியிருப்பார்கள். ஏறினதும் என்ன ஆகிறது இவர்களுக்கு?

பெங்களூர் தம்பி: பஸ்ஸில் பொறுக்க முடியாவிட்டால் நெய்யாற்றின்கரையில் பின் சீட்டுக்குப் போகலாம் மாமா. ரொம்ப முடியாவிட்டால் பாலராமபுரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கலாம். 35,000 அடியில் எங்கே இறங்குவது?

குழித்துறை மாமா: அதுவும் சரிதான்.

பெங்களூர் தம்பி: அப்புறம் காசு. ஜன்னலுக்குத் தனி, காலை நீட்ட இடத்துக்குத் தனி என்று ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியதும், "அமைதியும் இந்தக் காசுக்குள்தான்" என்று தோன்றிவிடும். அதையும் விற்கிறார்கள். 2016-இல் இண்டிகோ சில வரிசைகளை "குவைட் சோன்" என்று ஒதுக்கி, 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே இடம் இல்லை என்றது. பெரிய சண்டை நடந்தது. கோரெண்டன் என்ற கம்பெனி 2023-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து குரசாவ் தீவுக்குப் போகிற விமானத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதியையே பிரித்துவிட்டது. ஜப்பான் ஏர்லைன்ஸில் சீட் படத்தைத் திறந்தால் இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தை எங்கே உட்காருகிறது என்று ஒரு குழந்தைப் படமே போட்டுக் காட்டும்.

பாறசாலை சித்தி: எதற்கு? கொஞ்சுவதற்கா?

பெங்களூர் தம்பி: தள்ளி உட்காருவதற்கு சித்தி.

பாறசாலை சித்தி: விளங்கும்.

மஸ்கட் மைனி: நான் ஒன்று சொல்லட்டுமா. யாரும் கோபப்படக் கூடாது. போன ஓணத்துக்கு வரும்போது பன்னிரண்டு மணி நேர நைட் டூட்டி முடித்து, யூனிஃபார்மைக் கழற்றி நேரே ஏர்போர்ட்டுக்குப் போனேன். பக்கத்து வரிசையில் ஒரு பிள்ளை. ஆறு மாதம் இருக்கும். ஏறினதும் ஆரம்பித்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் பயணம் என்று பார்த்தாலே தெரிந்தது. காது வலி என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் நர்ஸ். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தேன்.

நான்: மைனி, நீங்கள் திரும்பி முறைக்கவில்லையே.

மஸ்கட் மைனி: முறைக்கவும் தெம்பு வேண்டுமே.

இரவு 8:52

குழித்துறை மாமா:
[பழைய செய்திக்குப் பதில். நான், மே 2019: "இப்போதுதான் இறங்கினேன். பின் சீட்டில் ஒரு பிள்ளை, நாலு மணி நேரம் காது போச்சு. அந்த அம்மா ஒரு மொபைலையாவது கையில் கொடுத்திருக்கலாம். பெற்றுப் போட்டால் மட்டும் போதுமா?"]
இது யார் எழுதியது மக்களே?

பெங்களூர் தம்பி: ஐயோ மாமா!!

பாறசாலை சித்தி: இதை எங்கிருந்து தோண்டி எடுத்தாய்?

குழித்துறை மாமா: "பிள்ளை" என்று தேடினேன். நானூறு செய்தி வந்தது. பொறுமையாகப் பார்த்தேன். ரிட்டயர் ஆன ஆளுக்கு வேறு என்ன வேலை.

பெங்களூர் தம்பி: அக்கா டைப் செய்கிறாள் என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடி காட்டுகிறது.

இரவு 9:10

நான்: அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நான்: அந்த அம்மாவின் முகம் நினைவில் இல்லை. நான் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு தடவை இல்லை.

நான்: மாமா, அதை அழித்துவிடுங்களேன். நீங்கள்தானே அட்மின்.

குழித்துறை மாமா: அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது மக்களே. இனி அட்மினாலும் முடியாது.

பளுகல் மைனி: எல்லாரும் சிரித்து முடித்துவிட்டீர்களா? அடுத்த வாரம் பதினாலு மாதப் பிள்ளையோடு ஷார்ஜாவுக்குப் போகிறவள் நான். எனக்கு வயிறு கலக்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

பாறசாலை சித்தி: ஏறுகிறதுக்கு முன்னால் சளி மருந்து அரை ஸ்பூன் கொடு. போய்ச் சேருகிறவரை தூங்கும். உன் அத்தானை நான் பம்பாய்க்கு ரயிலில் அப்படித்தான் கொண்டுபோனேன்.

மஸ்கட் மைனி: சித்தி, வேண்டாம்! தூங்க வைக்க மருந்தே கூடாது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் வெறியைக் கிளப்பும், நடுவானில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டில் மேல் எழுதச் சொல்லி 2023 டிசம்பரில் அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது.

பாறசாலை சித்தி: உன் அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

துபாய் அத்தான்: பிஎன்ஆரை மறந்தது அதனால்தானோ என்னவோ.

நான்: 😂😂 பேச்சை மாற்றாதீர்கள்.

மஸ்கட் மைனி: பளுகல் மைனி, கேளுங்கள். முக்கியமானது இறங்குகிற நேரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கிற மாதிரி. கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் கொடைக்கானலிலிருந்து கடற்கரைக்கு வந்துவிடுகிறீர்கள். நாம் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம், காது திறந்துவிடும். பிள்ளைகளுக்கு மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் சின்னது, படுத்த மாதிரி இருக்கும், சீக்கிரம் திறக்காது. அதனால் தாய்ப்பாலோ பாட்டிலோ, வாயில் ஏதாவது சப்புகிற மாதிரி இருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்துக்கு இல்லை, இறங்க ஆரம்பிக்கிறோம் என்று அறிவித்த உடனே. தூங்கினால் எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சளி, காது வலி இருந்தால் போவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நான்: தூங்குகிற பிள்ளையை எழுப்புவதா? நான் எழுப்பவில்லை. கண் மூடினானே என்று சாமிக்கு நேர்ந்துகொண்டு அசையாமல் இருந்தேன். அந்த இருபது நிமிடத்துக்குள்தான் விமானம் இறங்க ஆரம்பித்தது. அதற்கு அப்புறம்தான் அந்த ஆள் எழுந்து நின்றார்.

மஸ்கட் மைனி: அதுதான் காரணம் மோளே.

பளுகல் மைனி: பால், கஞ்சிக்கு செக்யூரிட்டியில் விடுவார்களா? 100 மில்லிதான் என்கிறார்களே.

மஸ்கட் மைனி: பிள்ளைக்குப் பயணத்துக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் அந்தக் கணக்கு இல்லை. தனியாக எடுத்துக் காட்டுங்கள். சில இடத்தில் திறந்து பார்ப்பார்கள். தொட்டில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நம் ஊரிலிருந்து போகிற சின்ன விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. மடியில்தான். உங்கள் பெல்ட்டோடு கோக்கிற சின்ன பெல்ட் தருவார்கள்.

பெங்களூர் தம்பி: பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மிட்டாயும் காதடைப்பானும் கொடுக்கலாம். 2019-இல் ஒரு கொரிய அம்மா சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும்போது நாலு மாதக் குழந்தை எழுதிய மாதிரி ஒரு சீட்டை வைத்து இருநூறு பைக்கு மேல் கொடுத்தார்.

பாறசாலை சித்தி: பிள்ளை பெற்றதற்கு அபராதமா? அதெல்லாம் வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டு. வாங்கிவிட்டால் அப்புறம் முறைக்க மாட்டார்.

குழித்துறை மாமா: இது நல்ல யோசனை. நம் உப்பைத் தின்றவன் எப்படி முறைப்பான்?

நான்: கரைவதை நிறுத்த என்னால் முடியாது. அதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உதைப்பது வேறு. அதற்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆள் குட்டியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூத்தவனின் கால் கணக்கை அதற்குள் அமுக்கிவிட்டேன். இறங்கும்போது அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பாறசாலை சித்தி: அது வேறு முதுகு வலியாக இருக்கும்.

நான்: இருக்கலாம் சித்தி.

குழித்துறை மாமா: பளுகல் மோளே, உனக்கு என்றைக்குப் பயணம்? ஐப்பசி ஆறாட்டு அன்று இல்லையே? அன்று சாயங்காலம் சில மணி நேரம் திருவனந்தபுரம் ஓடுதளத்தை மூடிவிடுவார்கள். பத்மநாபசுவாமி நீராட சங்குமுகம் கடற்கரைக்குப் போவது ரன்வே வழியாகத்தான்.

பளுகல் மைனி: இல்லை, அதற்கு முந்தின நாள். பார்த்துத்தான் போட்டோம். மூன்று பேருக்கும் ஒரே பிஎன்ஆர்.

துபாய் அத்தான்: சரி, சரி.

பெங்களூர் தம்பி: சாமி கடலில் குளிக்கப் போனால் விமானம் எல்லாம் வரிசையில் நிற்கும். பிள்ளை பத்து நிமிடம் கரைந்தால் ஒருவருக்கும் பொறுக்காது.

மஸ்கட் மைனி: சாமி யாருடைய சீட்டையும் உதைப்பதில்லையே.

பாட்டா: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை

நான்: பாட்டா, கொப்பரையைத் திருவனந்தபுரத்திலேயே எடுத்துவிட்டார்கள். பெட்டியில் போட்டாலும் கூடாதாம். எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்குமாம். பெட்டியைத் திறந்து அதை எடுத்த நேரத்தில்தான் குட்டி முதலில் கரைய ஆரம்பித்தான்.

பாட்டா: எத்தனை எடுத்தார்கள்

நான்: பதினாறும்.

பாட்டா: அந்த ஆபீசர் எந்த ஊர்