ஃபோன்தெனே மடாலயம் காகித ஆலையாக இருந்ததா?

கானாடுகாத்தான்காரன்:
பிரான்சு போய் வந்த மருமகன் ஃபோன்தெனே மடாலயப் படங்களைக் காட்டினார். 1118இல் நிறுவியதாம். எங்கள் வீட்டு முற்றத்து வளவுத் தூண்களையே பங்காளிகள் பிரித்து விற்றாயிற்று. 900 வருடக் கட்டடம் எப்படி முழுசாக நிற்கிறது? இடையில் காகித ஆலை வேறு நடந்ததாமே?

தேவகோட்டை ஆச்சி:
நடந்தது அண்ணே, நான் நேரில் பார்த்த இடம். புனித பெர்னார்டு நிறுவியது; சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் மடம். ஆடம்பரம் கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பார்த்து வளர்ந்த எனக்குத் தேவாலயம் முதலில் வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அந்த இரும்புப் பட்டறை! ஓடைத் தண்ணீரைத் திருப்பி, நீர்ச்சக்கரத்தால் சம்மட்டியை ஓட்டியிருக்கிறார்கள். அரை நாள் அங்கேயே நின்றேன்.

பள்ளத்தூர் வாத்தியார்:
பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற, மடம் விற்பனைக்குப் போனது. அப்புறம்தான் காகித ஆலை. வெப்பக்காற்று பலூனைக் கண்டுபிடித்த மோன்கோல்ஃபியே சகோதரர்களின் குடும்பம் நடத்தியது. 1906இல் அந்த வீட்டு மருமகன் எதுவார் எனார் வாங்கி, ஆலைக் கட்டடங்களை இடித்து, மடத்தை மீட்டார். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கானாடுகாத்தான்காரன்:
சரி, மருமகன் வாங்கியதா! இதை என் மருமகனிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டை வாங்க 32 பங்காளிகளின் கையெழுத்து வேண்டும்.