லால்குடி வீடு – குடும்பக் குழு

ரவி சித்தப்பா: அண்ணன் கம்ப்யூட்டர் ஏ1பி2சி3 அடி அடின்னு சொல்லுது. வைரஸா

ரவி சித்தப்பா: ஃப்ளெக்ஸ் கடைக்காரன் 4 மணிக்குள்ள அண்ணன் போட்டோ கேக்குறான். கருமாதிக்கு முந்தின நாளே கட்டணுமாம்

பிரகாஷ்: மாமா எத்தன தடவ தப்பா அடிச்சீங்க 😀

குமார்: வைரஸ் இல்ல சித்தப்பா. பின் நம்பர் பல தடவ தப்பாச்சுன்னா விண்டோஸ் அப்படித்தான் கேக்கும். கீபோர்டு ஒழுங்கா அடிக்குதான்னு பாக்குது, அவ்வளவுதான். ஏ1பி2சி3 அப்படியே அடிங்க, திரும்பப் பின் கேக்கும். ஆனா குத்துமதிப்பா அடிக்காதீங்க. இதுக்கு மேலயும் தப்பாச்சுன்னா ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும். அதையும் தாண்டினா 2 மணி நேரம் ஆன்லயே வெச்சிருந்துட்டு வான்னு பூட்டிக்கும். ஆஃப் பண்ணிட்டா அந்த 2 மணி நேரம் ஓடாது.

மணி மாமா: 🌹இனிய காலை வணக்கம்🌹 நல்லதே நினை நல்லதே நடக்கும்

செல்வி அத்தை: மணி 12 ஆகுது

கலா பெரியம்மா: 🎤 குரல் செய்தி 0:38

தீபா அக்கா: அம்மா பின் நம்பரை இங்க சொல்லாதீங்க!! டெலீட் பண்ணுங்க

ரவி சித்தப்பா: அதெல்லாம் வேணாம், காலண்டர் பின்னாடியே எழுதி இருக்கு

ரவி சித்தப்பா: இதோ

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

தீபா அக்கா: சித்தப்பா 🤦🏽‍♀️ இதுல 27 பேர் இருக்கோம்

ரவி சித்தப்பா: நம்ம சொந்தம்தானே

குமார்: சொந்தம்தான், ஆனா அந்தப் பின் கதவை மட்டும் திறக்கிற சாவி இல்ல. குரோம், எட்ஜ்ல பெரியப்பா சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் அதே பின்னை அடிச்சே பாத்துடலாம். அக்கா, நீங்க வீட்டுக்கு வந்ததும் பின்னை மாத்திடுங்க. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ், பின், சேஞ்ச் பின். பழைய பின் தெரிஞ்சாலே போதும், நெட் வேணாம்.

பிரகாஷ்: நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன். சும்மா சொன்னேன்

செல்வி அத்தை: வெளையாடாத டா

ரவி சித்தப்பா: உள்ள போயாச்சு. பிக்சர்ஸ்ல ஒண்ணுமே இல்ல. காலி. யாரோ அழிச்சிருக்காங்க

தீபா அக்கா: யாரும் அழிக்கல. பேரப்பசங்க வந்தா அப்பாவே ஃபோல்டரை ஒளிச்சு வெச்சிடுவாரு

குமார்: அப்ப மறைவா இருக்கும். அந்த ஜன்னலோட மேல் வரிசைல வியூன்னு இருக்கு பாருங்க. அதை அமுக்கினா கடைசில ஷோ, அதுக்குள்ள ஹிடன் ஐட்டம்ஸ். அதுல டிக் வைங்க. அதுக்கு மேலயே ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் இருக்கும், அதுலயும் டிக் வைங்க. மறைஞ்ச ஃபோல்டர் கொஞ்சம் மங்கலாத் தெரியும்.

ரவி சித்தப்பா: வந்திருச்சு. மங்கலா 3 இருக்கு. போட்டோ, பேத்தி, வீடு-நெலம்

மணி மாமா: வீடு-நெலமா

செல்வி அத்தை: 🤔

தீபா அக்கா: சித்தப்பா போட்டோ மட்டும் திறங்க. மத்தது நான் சனிக்கிழமை வந்து பாக்குறேன்

ரவி சித்தப்பா: நான் எதையும் தொடலம்மா. பேரத்தான் படிச்சேன்

குமார்: அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கீழ ஹிடன்னு இருக்கிற டிக்கை எடுத்துட்டு ஓகே. உள்ள இருக்கிற எல்லாத்துக்குமான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க. போட்டோ ஃபோல்டருக்கு மட்டும். பொதுவா ஒண்ணு சொல்லிடறேன், ஒளிச்சு வெச்சா பூட்டின மாதிரின்னு பல பேர் நெனைக்கிறாங்க. இல்ல. இப்ப சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச மாதிரி ரெண்டு கிளிக்ல எவனுக்கும் தெரியும். சின்னப் பசங்க கைபட்டு அழியாம இருக்க மட்டும் அது லாயக்கு.

பிரகாஷ்: குமார் டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிடும்

செல்வி அத்தை: இலை 120 சொல்லவா 150 சொல்லவா. சமையல்காரர் லைன்ல இருக்காரு

மணி மாமா: 120 போதும்

கலா பெரியம்மா: 150

ரவி சித்தப்பா: போட்டோ எல்லாம் ஃபோன்ல எடுத்ததுதான் இருக்கு. திருக்கடையூர்ல ஸ்டுடியோக்காரன் எடுத்தது இல்ல. அதுதான் அண்ணன் முகம் நல்லா இருக்கும்

தீபா அக்கா: அது பென் ட்ரைவ்ல. மேஜை டிராயர்ல நீலக் கலர்

ரவி சித்தப்பா: போட்டுட்டேன். உள்ள எல்லாம் அம்புக்குறி போட்ட ஃபைல். எல்லாம் 1 கேபி. டபுள் கிளிக் பண்ணவா

குமார்: பண்ணாதீங்க

குமார்: பண்ணாதீங்க சித்தப்பா

ரவி சித்தப்பா: பண்ணல பண்ணல

குமார்: இது ஷார்ட்கட் வைரஸ். ஜெராக்ஸ் கடை, ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல சொருகினா வர்ற சமாச்சாரம். போட்டோ எங்கயும் போகல. அது நெஜ ஃபைலை மறைச்சுட்டு, அதே பேர்ல ஷார்ட்கட்டை வெச்சிருக்கும். அதைத் திறந்தா போட்டோவும் வரும், கூடவே வைரஸும் ஓடும், அதனாலதான் ஆளுங்களுக்குச் சந்தேகமே வராது. திஸ் பிசில பென் ட்ரைவ் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். எவ்வளவு யூஸ்டுன்னு இருக்கு?

ரவி சித்தப்பா: 11 ஜிபி

குமார்: 1 கேபி ஃபைல் நாலஞ்சு இருக்கிற இடத்துல 11 ஜிபி எப்படி வரும்? உள்ளதான் இருக்கு. முதல்ல பென் ட்ரைவ் மேல ரைட் கிளிக், ஷோ மோர் ஆப்ஷன்ஸ், ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அது பிடிச்சதை ரிமூவ் குடுங்க.

மணி மாமா: முக்கிய அறிவிப்பு!! உங்கள் கம்ப்யூட்டரில் மறைந்த ஃபைல் இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கு ஹேக் செய்யப்பட்டுள்ளது. 10 பேருக்குப் பகிரவும்

பிரகாஷ்: அப்பா

குமார்: மாமா, எல்லா விண்டோஸ்லயும் மறைஞ்ச ஃபைல் ஆயிரக்கணக்கா இருக்கும். விண்டோஸே அப்படித்தான் வரும்.

ரவி சித்தப்பா: 2 பிடிச்சிருக்கு. ரிமூவ் குடுத்தாச்சு. ஹிடன் டிக் இருந்தும் போட்டோ தெரியல. ப்ராப்பர்டீஸ்ல இந்த தடவ என்ன பண்ணணும்

குமார்: போட்டோ அப்படித் தெரியாது சித்தப்பா. வைரஸ் ஹிடன்கூட சிஸ்டம்ங்கிற அடையாளத்தையும் சேத்துப் போட்டுடும். அப்ப சாதா ஹிடன் டிக் பத்தாது, ப்ராப்பர்டீஸ்ல அந்த டிக்கும் சாம்பல் கலர்ல அமுங்காம இருக்கும். வியூ பக்கத்துல 3 புள்ளி, ஆப்ஷன்ஸ், வியூ தாவல். அதுல ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்னு நீளமா ஒண்ணு. டிக்கை எடுங்க. பயமுறுத்தும், யெஸ் குடுங்க.

ரவி சித்தப்பா: வந்திருச்சு!! ஆனா டெஸ்க்டாப்ல பல்சக்கரம் போட்ட மங்கல் ஃபைல் 2 புதுசா வந்திருக்கு. அழிச்சிடவா

குமார்: தொடாதீங்க. டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ. விண்டோஸோடதுதான், ஒண்ணு பெரியப்பா அக்கவுண்டோடது, இன்னொண்ணு எல்லாருக்கும் பொதுவான டெஸ்க்டாப்போடது. வேலை முடிஞ்சதும் அதே டிக்கைத் திரும்ப வெச்சா மறைஞ்சிடும்.

குமார்: இப்ப பென் ட்ரைவை மொத்தமா சரி பண்ணிடலாம். ஸ்டார்ட்ல சிஎம்டின்னு அடிச்சு எண்டர். கறுப்பு ஜன்னல் வரும். பென் ட்ரைவ் எந்த எழுத்து?

ரவி சித்தப்பா: ஈ

குமார்: ஈ, கோலன், எண்டர். வரி ஆரம்பத்துல ஈ வந்திருக்கணும். சி-ன்னு இருந்தா மேல போகாதீங்க, விண்டோஸோட சொந்த ஃபைலையெல்லாம் கலைச்சு விட்டுடும். கமாண்டை இங்க காப்பி பண்ற மாதிரி போட மாட்டேன். அதுல நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம் வருது, வாட்ஸ்அப் அதைத் தடிமன் எழுத்துக்கான குறின்னு நெனைச்சு ரெண்டு நட்சத்திரத்தையும் முழுங்கிடும். எழுத்தெழுத்தா அடிங்க:

ஏ டி டி ஆர் ஐ பி
ஸ்பேஸ், மைனஸ் ஹெச்
ஸ்பேஸ், மைனஸ் ஆர்
ஸ்பேஸ், மைனஸ் எஸ்
ஸ்பேஸ், நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம்
ஸ்பேஸ், சாய்கோடு எஸ்
ஸ்பேஸ், சாய்கோடு டி
எண்டர்

சாய்கோடு கேள்விக்குறி பட்டன்ல இருக்கிறது. எண்டர் மேல இருக்கிறது இல்ல. மைனஸ் எஸ் விட்டுப்போச்சுன்னா சிஸ்டம் ஃபைலை மாத்த மாட்டேன்னு அடம்பிடிக்கும்.

பிரகாஷ்: டிவில சமையல் குறிப்பு சொல்ற மாதிரி இருக்கு

ரவி சித்தப்பா: அடிச்சிட்டேன். ஒண்ணும் சொல்லல. கர்சர் மினுக்குது

குமார்: விட்டுடுங்க. 11 ஜிபி, நேரமாகும். முடிஞ்சுதுன்னு வாழ்த்தெல்லாம் சொல்லாது, கீழ புது வரி வந்து நிக்கும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், ஆக்சஸ் டினைடுன்னு வந்தா கண்டுக்காதீங்க.

செல்வி அத்தை: 150 சொல்லிட்டேன். வடை, பாயசம், ரெண்டு கூட்டு

மணி மாமா: யாரு காசு குடுக்கிறது

செல்வி அத்தை: அதைத் தனியாப் பேசலாம்

ரவி சித்தப்பா: புது வரி வந்திருச்சு. பேரே இல்லாத ஃபோல்டர் ஒண்ணு இருக்கு

குமார்: அதுக்குள்ளதான் நெஜப் போட்டோ எல்லாம். அந்தப் பேர் ஒரு வெத்து எழுத்து, வைரஸ் வேலை. டபுள் கிளிக்ல திறக்கலாம். அதுலேர்ந்து ஜேபிஜில முடியறதை மட்டும் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணுங்க. ஜேபிஜி டாட் எக்ஸி, விபிஎஸ், அம்புக்குறி போட்டது எதுவும் வேணாம். எக்ஸ்டென்ஷன்ஸ்ல டிக் வைக்கச் சொன்னது இதுக்குத்தான். டிக் இல்லன்னா கடைசி எக்ஸி தெரியாது, போட்டோ மாதிரியே நிக்கும்.

ரவி சித்தப்பா: 📷 போட்டோ

செல்வி அத்தை: அண்ணன் 😭

கலா பெரியம்மா: இதுதான்

தீபா அக்கா: 🙏🏽

குமார்: ஃப்ளெக்ஸ் கடைக்கு இப்படி போட்டோவா அனுப்பாதீங்க, வாட்ஸ்அப் சுருக்கிடும். 6 அடி பெருசாக்கினா முகம் கட்டம் கட்டமாத் தெரியும். டாகுமெண்டா அனுப்புங்க.

ரவி சித்தப்பா: அனுப்பியாச்சு. அண்ணி சொல்றாங்க, இனிமே பின்னே கேக்க வேணாம், அவங்களே போட்டோ பாக்கணுமாம். எடுத்து விடு

குமார்: எடுக்க முடியும், ஆனா எடுக்க வேணாம்னுதான் சொல்வேன். ரிமூவ் பட்டன் சாம்பலாத்தான் இருக்கும், ஏன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்கு விண்டோஸ் ஹலோ, அதாவது பின், முகம், விரல்ரேகை மட்டும்தான்னு ஒரு சுவிட்ச் ஆன்ல இருக்கு. அதை ஆஃப் பண்ணினாலும் பின்னை நீக்க பெரியப்பாவோட மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு கேக்கும். எதுவும் கேக்காம தானாவே உள்ள போக நெட்ப்ளவிஸ்னு ஒரு வழி யூடியூப்ல சொல்வாங்க. அதுல தப்பான பாஸ்வேர்டு குடுத்தாலும் சரின்னு வாங்கிக்கும், அடுத்த தடவ ஆன் பண்ணும்போதுதான் உதைக்கும்.

தீபா அக்கா: அம்மாவுக்குத் தனியா வெச்சுக் குடுத்தா?

குமார்: அதேதான் அக்கா. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மெயில் கேக்கும் இடத்துல, இவங்க சைன்-இன் விவரம் என்கிட்ட இல்லன்னு கீழ இருக்கிற வரி. அடுத்த பக்கத்துல, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாம சேருங்கிற வரி. பேர் மட்டும் போட்டு பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியா விட்டா, பெரியம்மா பேரைத் தொட்டு சைன்-இன் அமுக்கினாப் போதும். வகை ஸ்டாண்டர்ட் யூசராவே இருக்கட்டும். போட்டோவை சி, யூசர்ஸ், பப்ளிக், பப்ளிக் பிக்சர்ஸ்ல காப்பி பண்ணுங்க, எல்லா அக்கவுண்ட்லேர்ந்தும் தெரியும். பெரியப்பா ஃபோல்டர் பக்கம் பெரியம்மா அக்கவுண்ட்லேர்ந்து போனா அனுமதி இல்லன்னு நிறுத்திடும்.

மணி மாமா: வீடு-நெலமும் தெரியாதா

குமார்: தெரியாது மாமா

பிரகாஷ்: அப்பா விடுங்கப்பா

ரவி சித்தப்பா: மெயின் ரோட்டுக் கடைல குடுத்தா எல்லாத்தையும் ஓப்பன் பண்ணித் தருவானாம். 500 ரூபாய்

குமார்: வேணவே வேணாம். விண்டோஸ் 11, டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்ல இருக்கிறதையே பூட்டி வைக்கிறது, ஆன்ல இருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல போட்டாலும் படிக்க முடியாது. பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்ல, கை வெச்சான்னா 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அது பெரியப்பாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் கெடக்கும். அது கைல இல்லன்னா போட்டோ, பத்திரம் ஸ்கேன் எல்லாம் போச்சு. செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன், ஆனா ஆஃபான்னு மட்டும் பாருங்க.

ரவி சித்தப்பா: ஆன்

குமார்: அப்ப பெரியப்பா சிம்தான் இப்ப முக்கியம். அக்கவுண்டோட கோட் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மை வெச்சுக் கோட் வாங்கி, தீபா அக்கா நம்பரைக் கூடுதலாச் சேக்கணும், 48 இலக்கத்தை எழுதி எடுத்துக்கணும். பழைய நம்பரை முதல்லயே தூக்கிடக் கூடாது. இருக்கிற விவரம் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா 30 நாள் காக்க வைக்கும்.

தீபா அக்கா: சிம் யார்கிட்ட? அப்பா ஃபோன்ல இல்லயே

செல்வி அத்தை: கேன்சல் பண்ணப் போறேன்னு ரவி எடுத்தானே

ரவி சித்தப்பா: பண்ணல. என் பைல இருக்கு. ரீசார்ஜ் முடியப் போகுதுன்னு மெசேஜ் வந்துச்சு

தீபா அக்கா: நான் ரீசார்ஜ் பண்றேன். சிம்மை அம்மாகிட்ட குடுத்துடுங்க சித்தப்பா

ரவி சித்தப்பா: கருமாதி முடியட்டும்மா. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்

தீபா அக்கா: இன்னைக்குக் குடுத்தா என்ன

*ரவி சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கினார்*

மணி மாமா: ஃப்ளெக்ஸ்ல என் பேர் மருமகன்கள் வரிசைல போடுவாங்களா, மச்சான்கள் வரிசைலயா

செல்வி அத்தை: போன் பண்றேன் தீபா