மறு: ஊசிஸ்ட்டுக்குச் சொல்: முட்டைக்கட்டியா, கருக்கூடா?

அனைவருக்கும் வணக்கம். சைக்ளோஸ்போரா என்பது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணி. மலத்தோடு வெளியேறும் அதன் சுவர் மூடிய நிலைதான் ஊசிஸ்ட் (oocyst). இவற்றுக்கும் அந்த நோய்க்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> சிஸ்ட் = கட்டி என்பது வழக்கில் இருப்பதுதானே? ஊசிஸ்ட்டை முட்டைக்கட்டி என்று எழுதிவிடலாம்.

வழக்கில் இருப்பதுதான் சிக்கல் ஐயா. சிஸ்ட் என்றால் ஸ்கேன் எடுத்து வருபவர்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிதான் நினைவுக்கு வரும். மலப் பரிசோதனை முடிவில் 'முட்டைக்கட்டி' என்று படிக்கும் பெண் எந்த மருத்துவரைத் தேடிப் போவார்? 'முட்டை'யும் வேண்டாம். அது வந்தால் புழுவின் முட்டை என்றே எண்ணிக்கொள்வார்கள். சைக்ளோஸ்போரா புழு அல்ல, ஓரணு உயிரி. பள்ளிகளில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை இதற்கான மருந்தும் அல்ல. மருத்துவர்கள் தருவது கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. இதே காரணத்தால்தான் சைக்ளோஸ்போராவுக்குச் சென்ற வாரம் முன்மொழியப்பட்ட 'வட்டப்புழு' என்ற பெயரையும் ஏற்கத் தயங்குகிறேன்.

ஊசிஸ்ட் என்பது என்ன? கருமுட்டை தன்னைச் சுற்றிக் கெட்டியாகச் சுவர் எழுப்பிக்கொண்ட நிலை. 8 முதல் 10 மைக்ரான் வரை குறுக்களவுள்ள உருண்டை. அந்தச் சுவரிடம் குளோரினின் வேலை பலிப்பதில்லை. 1994-இல் நேபாளத்தின் பொக்காராவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குக் குளோரின் கலந்த குடிநீர் வழியாகவே இந்தத் தொற்று வந்தது.

மலத்தோடு வெளியேறும் நேரத்தில் அது யாரையும் தொற்றாது என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியே 22 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் கிடந்து முதிர வேண்டும். முதிர்ந்த பிறகு உள்ளே ஸ்போரோசிஸ்ட் என்ற சிறு உறைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஸ்போரோசோயிட் என்ற, தொற்றை உண்டாக்கும் உயிரிகள் இரண்டு. ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகப் பரவாது. தண்ணீர், கொத்தமல்லித் தழை, பழம் என்று சுற்றிக்கொண்டுதான் வரும். 1996-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேருக்கு வந்தபோது பழி முதலில் கலிஃபோர்னியா ஸ்ட்ராபெரி மேல் விழுந்தது. பிறகுதான் குவாத்தமாலா ராஸ்பெரி என்று தெரிந்தது. பாவம், ஸ்ட்ராபெரி விவசாயிகள்!

எனவே என் பரிந்துரை 'கருக்கூடு'. கூட்டுப்புழுவைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கூடு என்றாலே உள்ளே ஏதோ முதிர்கிறது என்ற பொருள் தானாக வந்துவிடும். முதிராத கருக்கூடு, முதிர்ந்த கருக்கூடு என்று அடைமொழி சேர்ப்பதும் எளிது. அதன் வழியில் ஸ்போரோசிஸ்ட் வித்துக்கூடு, ஸ்போரோசோயிட் வித்துயிரி.

> நோய்க்குக் 'கழிச்சல்' பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஓர் எச்சரிக்கை. கோழிப் பண்ணையாளர்கள் இரத்தக்கழிச்சல் என்று சொல்லும் கோழி நோய் ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. அதுவும் சைக்ளோஸ்போராவும் நெருங்கிய உறவுகள். கூளம் ஈரமானால் அந்த நோய் பெருகும் என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். ஈரத்தில் கருக்கூடு முதிர்வதே காரணம். மனிதருக்கு வரும் இந்த நோயிலோ பெரும்பாலும் நீராகப் போகுமே தவிர இரத்தம் போகாது. 'சைக்ளோஸ்போராக் கழிச்சல்' போதும்.

சைக்ளோஸ்போரா என்ற பேரினப் பெயரைத் தமிழாக்கவே வேண்டாம். சைக்ளோ வட்டம், ஸ்போர் சிதல் என்று பிரித்துச் சொல்லும் 'வட்டச்சிதல்' காதுக்கு இனிமைதான். ஆனால் இன்னொரு குடல் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்தின் கருக்கூடும் உருண்டைதானே, 4 முதல் 6 மைக்ரான். அளவை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சிற்றினப் பெயரான கயெட்டானென்சிஸ், லிமாவின் கயெட்டானோ எரேதியா பல்கலைக்கழகத்தை ஒட்டி வந்தது. அதை எப்படிப் பெயர்ப்பது?

ஒலிபெயர்ப்பிலும் ஒரு கண்ணி உண்டு. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் விழுங்கும் மருந்து சைக்ளோஸ்போரின். நோயெதிர்ப்பு குறைந்த அவர்களை இந்த ஒட்டுண்ணி அதிகம் வாட்டும் என்பதால், இரண்டு சொல்லும் ஒரே பத்தியில் வர நிறைய வாய்ப்பிருக்கிறது. பொதுமக்களுக்கான கட்டுரைகளில் 'சைக்ளோஸ்போரா ஒட்டுண்ணி' என்றே முழுதாக எழுதுவோம்.

கருக்கூடு முதிர்வதைக் குறிக்கும் ஸ்போருலேஷனுக்கு 'வித்தேற்றம்' என்று முன்மொழிந்த அம்மா கோபிக்க வேண்டாம், 'முதிர்வு' என்ற பழைய சொல்லே எனக்குப் போதுமாக இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் யாராவது, பண்ணையில் இதற்கு வேறு சொல் புழங்கினால் தெரிவியுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.