புதுப்பிப்பு: பின் ஸ்பிரிங்குக்குள் போட்ட காற்றுப்பை, இரண்டு மாதம் கழித்து

போன தடவை சொன்னது இதுதான்: வீட்டுல ஆறு பேரும் நாலு செவ்வாழைக் குலையும் ஏறினா வண்டி பின்னால உட்கார்ந்துரும். குலசேகரத்துலேர்ந்து மார்த்தாண்டம் போறதுக்குள்ள ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு விடாம அடி தட்டும். அதனால பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற காயில் (சுருள்) ஸ்பிரிங்குக்குள்ள நுழைக்கிற ரப்பர் பை வாங்கிப் போட்டேன். காத்து நாமதான் அடிக்கணும்.

இப்போ தட்டுறது நின்னாச்சு. ஆனா முதல் வாரம் படுத்திட்டுது. ராத்திரி 20 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வச்சா காலையில வலது பக்கம் 8. சோப்புத் தண்ணி விட்டுப் பார்த்தேன், வால்வு இணைப்புல பொடிப்பொடியா நுரை. வால்வுலேர்ந்து பைக்குக் காத்து போற டியூபை ஹேக்சா பிளேடால கோணலா அறுத்தது நான்தான், யாரைக் குத்தம் சொல்ல? ஷேவிங் பிளேடால நேரா வெட்டிச் செருகினதும் சரியாச்சு.

இன்னொண்ணு, ரெண்டு பையையும் ஒரே வால்வுல சேர்த்திருந்தேன். பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல ஒரு பையில அமுங்குற காத்து மத்ததுக்கு ஓடி, வண்டி கூடுதலா சாய்ஞ்சுது. இப்போ தனித்தனி வால்வு.

வெறும் வண்டிக்கு 5 பிஎஸ்ஐ, ஆள் நிறைஞ்சா 22. நான் வாங்கின பை செட்டுக்கு உச்சம் 35. பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டாம். சின்னப் பை, கண்ணிமைக்கிறதுக்குள்ள அளவு மீறி ஏறிரும். சைக்கிள் பம்பு போதும்.

எத்தனை கிலோ கூடுதலா ஏத்தலாம்னு கேட்ட தம்பிக்கு: ஒரு கிலோகூட இல்ல. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் முன்ன இருந்த அதேதானே.