எரோல் டோபியாஸ் ஆடியது துரோகமா?

பத்தாம்எண்:
தென்னாப்பிரிக்க ரக்பி என்றதும் எல்லோரும் 1995 உலகக் கோப்பை, அதில் ஆடிய வெள்ளையரல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் என்றுதான் தொடங்குகிறார்கள். அவருக்கு முன்னாலேயே போலண்ட் மாகாணத்தின் எரோல் டோபியாஸ் இருந்தார். 1950-ல் கேலடன் என்ற சிற்றூரில் பிறந்தவர், கட்டட வேலை பார்த்தவர். 1981 மே 30 அன்று நியூலாண்ட்ஸ் மைதானத்தில் அயர்லாந்துக்கு எதிராக இறங்கினார். நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில், ஸ்பிரிங்பாக் எனப்படும் நாட்டு அணிக்கு டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) ஆடிய முதல் வெள்ளையரல்லாதவர் அவர்தான். மொத்தம் ஆறு டெஸ்ட், ஆறிலும் வெற்றி. அவரைப் போய் 'விலைபோனவர்' என்று இன்னும் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசிவரிசை:
திறமையைக் குறை சொல்லவில்லை நண்பரே. அன்று அங்கே ரக்பியும் நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது. டோபியாஸ் வந்தது, வெள்ளையர் வாரியத்தோடு கைகோத்த கலப்பினத்தவர் கூட்டமைப்பின் வழியாக. அதே காலத்தில் நிறபேதம் பார்க்காத சாரு (SARU) என்ற ரக்பி அமைப்பு, வெள்ளையர் வாரியத்தோடு சேர மாட்டோம் என்று நின்றது. அசாதாரணமான சமூகத்தில் சாதாரணமான விளையாட்டு இருக்க முடியாது என்பதுதான் அவர்கள் முழக்கம். அதற்காக நாட்டுச் சட்டையையே வேண்டாம் என்றவர்களின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. ஈஸ்டர்ன் ப்ராவின்ஸுக்கு ஆடிய வெள்ளையர் சீக்கி வாட்சனே 1976-ல் அந்தப் பக்கம் போய்க் கறுப்பினக் குடியிருப்பில் ஆடினார். டோபியாஸால் முடியாதா?

பத்தாம்எண்:
வாட்சன் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது ஏற்கெனவே அவர் கையில் இருந்த ஒன்றை. டோபியாஸுக்கு முதல் டெஸ்ட் கிடைத்தபோதே வயது 31. ஆட்டக்காரனுக்கு அது அந்திப் பொழுது. இன்னொன்றையும் பாருங்கள். 1984-ல் இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆடியது பத்தாம் எண் இடத்தில். பந்தை உதைப்பதா, கடத்துவதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்பவர் அந்த ஆட்டக்காரர். நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாத ஒருவரின் முடிவுக்காக வெள்ளை வீரர்கள் களத்தில் காத்து நின்றார்கள். எல்லிஸ் பார்க்கில் 35-9 என்று ஜெயித்த டெஸ்டில் அவரே ஒரு ட்ரையும் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளி) போட்டார். இதைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள் இருப்பார்கள்தானே?

கடற்கரைக்காரி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1981 நியூசிலாந்துப் பயணத்தை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்? நிறவெறி நாட்டின் அணி வரக் கூடாது என்று ஊரே கொந்தளித்தது. ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தப் பயணத்துக்கு டோபியாஸைக் கூட்டிப்போய், மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட இறக்கவில்லை. வெளியே காட்டுவதற்கு அவர் முகம் தேவைப்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம், அதற்குப் பழியையும் அவர் தலையிலேயே போடுவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது.

கடைசிவரிசை:
நான் சொல்ல வந்ததும் அதுதான் தங்கச்சி. அவர் கதவைத் திறந்தார் என்கிறார்கள். 1984-ல் இரண்டாவது வெள்ளையரல்லாதவராக ஏவ்ரில் வில்லியம்ஸ் ஆடினார், சரி. அடுத்த ஆள் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான செஸ்டர், 1993-ல்! நடுவில் 1986, 1989, 1992 என்று டெஸ்டுகள் நடக்கத்தான் செய்தன. வெள்ளையரல்லாத ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. இதற்குப் பெயர் கதவா?

பத்தாம்எண்:
கதவு மூடியது உண்மைதான், இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடியவர்கள் தேர்வாளர்கள். உள்ளே போனவரை அதற்காகக் கூண்டில் நிறுத்தாதீர்கள். பின்னாளில் அவர் கேலடனுக்கு மேயராகவும் இருந்தார். சொந்த ஊர் அவரைத் துரோகியாகப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

கடைசிவரிசை:
'விலைபோனவர்' என்ற சொல்லை நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஆடியது தவறு என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன். சாரு ஆட்டக்காரர்களைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.