ஒரைசேயும் ஃபிளாவஸும் ஒரே பூஞ்சையா? மரபணுத்தொகுதி ஒப்பீட்டை முன்வைத்து ஒரு விவாதம்

கிளைவித்து எழுதியது:

ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைப் பேரினத்தைச் சேர்ந்த நிடுலன்ஸ், ஃபியுமிகேட்டஸ், ஒரைசே ஆகிய மூன்றின் முழு மரபணுத்தொகுதிகளும் (மொத்த டிஎன்ஏ வரிசைகளும்) 2005 டிசம்பரில் ஒருசேர வெளியாயின. மூன்றுக்கும் பொதுவான புரதங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, சராசரியாக 68 விழுக்காடு ஒற்றுமைதான் தென்பட்டது. மனிதனுக்கும் மீனுக்கும் இடையே உள்ள தொலைவுக்கு இது ஏறத்தாழ நிகரானது. இவ்வளவு விலகிப்போனவற்றை ஒரே பேரினப் பெயரில் அடக்கத் தயங்காத நாம், டிஎன்ஏ அளவில் சுமார் 99.5 விழுக்காடு ஒத்திருக்கும் ஒரைசேயையும் ஃபிளாவஸையும் மட்டும் இரு சிற்றினங்களாக எழுதி வருகிறோம்.

முன்னது சாக்கே என்னும் ஜப்பானிய அரிசி மது, மிசோ என்னும் சோயா விழுது, சோயா சாறு ஆகியவற்றைத் தயாரிக்கப் பயன்படுவது. பின்னது நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்லாடாக்சின் நஞ்சைச் சேர்ப்பது. பயன்பாட்டில் உள்ள இந்த வேறுபாட்டைத் தவிர, இரண்டு பெயர்களுக்கு வேறு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மரபுவழி மரத்தை வரைந்தால் ஒரைசே ரகங்கள் ஃபிளாவஸ் கிளையின் உள்ளேயேதான் வந்து அமர்கின்றன. மரபணுத்தொகுதிகள் கைக்கு வருவதற்கு முன்பே, 1986-இல் குர்ட்ஸ்மேன் குழுவினர் டிஎன்ஏ இழைகளின் பிணைப்பை அளந்து, ஒரைசே என்பது ஃபிளாவஸின் ஒரு வகையே என்று முன்மொழிந்தனர். அதை ஏற்காமல் இத்தனை ஆண்டுகள் கடத்தியதற்கு அறிவியல் காரணம் ஏதேனும் உண்டா?

நொதிப்பானை எழுதியது:

உண்டு. விழுக்காட்டுக் கணக்கு இரண்டிலும் இருக்கும் பகுதிகளை மட்டுமே அளக்கிறது; ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நீங்கள் குறிப்பிட்ட அதே 2005 ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரைசேயின் மரபணுத்தொகுதி சுமார் 3.7 கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது, ஃபியுமிகேட்டஸுக்கு 2.9 கோடிக்குச் சற்றே மேல், நிடுலன்ஸுக்கு ஏறத்தாழ 3 கோடி. மிகுதியாக உள்ள 70 முதல் 90 லட்சம் எழுத்துகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. மற்ற இரண்டோடு வரிசை பொருந்தி வரும் பகுதிகளுக்கு நடுநடுவே அவை திட்டுத்திட்டாகச் செருகப்பட்டிருக்கின்றன. செல்லுக்கு வெளியே சுரந்து உணவைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களும் இரண்டாம்நிலை வேதிப்பொருள்களை (நஞ்சுகள்போல, வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாதவற்றை) உருவாக்கும் மரபணுக்களும் அந்தத் திட்டுகளில்தான் செறிந்துள்ளன. ஒரு பூஞ்சை எதைத் தின்கிறது, எதைச் சுரக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பகுதியே சராசரிக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது என்றால், அந்தச் சராசரியை வைத்துச் சிற்றின எல்லையை வரைவது எப்படிப் பொருந்தும்?

ஒரைசேக்கும் ஃபிளாவஸுக்கும் இடையே அவ்வளவு பெரிய திட்டுகள் இல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் அரிசியில் வளர்த்து, எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று 2012-இல் கிப்பன்ஸ் குழுவினர் அளந்தபோது, வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. ஒரைசேயில் மாவுப்பொருளைச் சிதைக்கும் ஆல்ஃபா-அமைலேஸ் மேலோங்கி நின்றது. இரண்டாம்நிலை வேதிப்பொருள்களுக்கான மரபணுக் கொத்துகள் பலவும் அடங்கிக் கிடந்தன. அஃப்லாடாக்சின் கொத்தும் அவற்றில் ஒன்று. எழுத்து மாறாமலேயே நடத்தை மாறிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கிளைவித்து எழுதியது:

நண்பர் நொதிப்பானை காட்டும் சான்று என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. அஃப்லாடாக்சின் கொத்து என்பது மூன்றாவது குரோமோசோமின் முனையருகே சுமார் 70 ஆயிரம் எழுத்துகளில் அடுத்தடுத்து அமைந்த ஏறத்தாழ 30 மரபணுக்களின் வரிசை. நஞ்சு சுரக்காமையே ஒரைசேயின் அடையாளம் என்றால், நஞ்சு சுரக்காத ஃபிளாவஸ் ரகங்களை எங்கே வைப்பது? அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்தி வயல்களில் தூவப்படும் ஏஎஃப்36 ரகத்தில், கொத்தின் தொடக்க நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறி, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. நிலக்கடலை வயல்களில் இடப்படும் என்ஆர்ஆர்எல் 21882 ரகத்தில் கொத்தே முழுமையாக இல்லை. இவ்விரண்டையும் ஃபிளாவஸ் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அஃப்லாடாக்சின் சுரக்கும் ரகங்களை வயலிலிருந்து விரட்டுவதற்காகவே அவற்றைத் தூவுகிறார்கள். ஆக, நஞ்சின் இன்மை ஒரு சிற்றினத்தை உருவாக்குவதில்லை.

வெளிப்பாட்டு வேறுபாடும் அப்படித்தான். நாய்க்கும் ஓநாய்க்கும் நடத்தையில் எவ்வளவோ வேற்றுமை உண்டு. அதற்காக நாயை ஓநாய் மரபிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட முடியாது. மனிதன் வளர்த்தெடுத்த வடிவத்துக்குத் தனிச் சிறப்புப் பெயர் இருக்கட்டும். ஆனால் அதைச் சிற்றின நிலைக்கு உயர்த்தினால், மிஞ்சியிருக்கும் ஃபிளாவஸ் தன் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியை இழந்த அரைகுறைக் கிளையாகிவிடும்.

நொதிப்பானை எழுதியது:

கிளை அரைகுறையாவது வரைபடம் வரைபவரின் கவலை. இந்தப் பூஞ்சையைக் கையாள்பவரின் கவலை வேறு. பெயரிடும் விதிப்படி மூத்த பெயரே நிலைக்கும். ஃபிளாவஸ் என்ற பெயரை லிங்க் 1809-இல் சூட்டினார். ஒரைசேயை ஆல்பர்க் விவரித்தது 1876-இல், அது ஆஸ்பெர்ஜில்லஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது 1884-இல். நீங்கள் சொல்வதுபோல் இணைத்தால், ஜப்பானின் மதுவடிப்புச் சங்கம் 2006-இல் நாட்டின் பூஞ்சை என்று அறிவித்த ஒன்று, உலகெங்கும் நஞ்சுக்குப் பேர்போன சிற்றினத்தின் பெயரைத் தாங்க நேரிடும். உணவுப் பாதுகாப்பு அனுமதிகள் சிற்றினப் பெயரைக் கொண்டே எழுதப்படுகின்றன. பெயரை மாற்றினால் பாதுகாப்பான ரகத்தின் மீது ஐயம் படரும். அதைவிட மோசமாக, ஆபத்தான ரகம் பாதுகாப்பானதன் சான்றிதழில் ஒளிந்துகொள்ளவும் வழி பிறக்கும்.

வாசிப்பாழம் எழுதியது:

இருவரும் மரபணுத்தொகுதிகளை அச்சிட்ட புத்தகம்போல நம்பிப் பேசுகிறீர்கள். மரபணு இருக்கிறது, இல்லை என்று சொல்லும் முன், துண்டுதுண்டாகப் படித்த டிஎன்ஏவிலிருந்து அந்தத் தொகுதி எப்படிக் கோக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆர்ஐபி40 என்னும் ஒரைசே ரகத்தில் ஆல்ஃபா-அமைலேஸ் மரபணுவுக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூன்றும் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். 150 எழுத்து நீளத் துண்டுகளை மட்டும் வைத்துக் கோக்கும் மென்பொருளுக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது. மூன்றையும் ஒன்றாக மடித்துவிடும். அந்த இடத்தில் துண்டுகளின் அடுக்கு மற்ற இடங்களைப்போல் மூன்று மடங்கு உயர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். குரோமோசோம் முனைகளில் இதே சிக்கல் இன்னும் கூடுதல். அஃப்லாடாக்சின் கொத்து அங்கேதான் இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

பெயர்த் தகராறைப் பொறுத்தவரை, நண்பர் நொதிப்பானை சொல்லும் ஆபத்துக்குப் பெயரை மாற்றாமல் விடுவது தீர்வாகாது. சோயா சாற்றில் பயன்படும் சோஜே என்னும் ஆஸ்பெர்ஜில்லஸ், நஞ்சு சுரக்கும் பாராசிட்டிகஸ் என்னும் மற்றோர் ஆஸ்பெர்ஜில்லஸின் வளர்ப்பு வடிவம்; அங்கே கொத்தை முடுக்கும் ஏஎஃப்எல்ஆர் மரபணுவில், புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும் நிறுத்தக்குறி முன்கூட்டியே விழுந்திருக்கிறது. ஒரைசேயில் காரணம் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. ஆகவே அனுமதிப் பத்திரத்தில் சிற்றினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், ரகத்தின் எண்ணும், அதன் கொத்து எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்ற விவரமும், நீண்ட துண்டுகளைக் கொண்டு கோத்த தொகுதியின் ஆதாரத்துடன் இடம்பெற வேண்டும். அது நடந்தபின் ஒரைசே என்று எழுதினாலும் ஃபிளாவஸின் வகை என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

கிளைவித்து எழுதியது:

ரக எண்ணைக் கட்டாயமாக்குவதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு சிற்றினங்கள் என்ற பாகுபாட்டைக் காக்க நண்பர் நொதிப்பானையிடம் எஞ்சும் வாதம் எது என்று அறிய விரும்புகிறேன்.

நொதிப்பானை எழுதியது:

அரிசியில் வளரும்போது எந்த மரபணு விழித்திருக்கிறது என்பதுதான். கொத்து எங்கே உடைந்தது என்ற விவரம் நஞ்சைப் பற்றி மட்டுமே பேசும். அமைலேஸ் ஏன் அவ்வளவு பொங்குகிறது என்பதற்கு அதில் விடை கிடையாது.